புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்

பெயர் புள்ளியில் தொடங்கினால் கணினி அந்த ஃபோல்டரைக் கண்ணில் காட்டாது. அது அங்கேயே இருக்கும், பட்டியலில் மட்டும் வராது. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் வாரமே இதைச் சொல்லிவிடுவேன், கொஞ்சம் மிரட்டலாகவே. என் வாய் அப்படி. மௌஸைத் தொடாமல் கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே பதினேழு வருஷம் ஓட்டியவள் என்கிற கர்வம் வேறு. அந்தக் கர்வம் போன வருஷம் மழைக்காலத்தோடு போய்விட்டது. எப்படிப் போனது என்று யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

எங்கள் கம்பெனி எடை மெஷின் செய்கிறது. பெரும்பாலும் ஏலக்காய்க்கு. தோட்டத்திலிருந்து பச்சைக்காய் வந்து இறங்கும் இடத்தில் ஒரு மெஷின், உலர்த்தி எடுத்தபின் ஒரு மெஷின். வண்டன்மேடு, சாந்தன்பாறைப் பக்கத்தில் எங்கள் மெஷின்கள் நிறைய உண்டு. மெஷினுக்குள் ஓடும் மென்பொருளை எழுதியது இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் சாந்தன்பாறைக்காரர். எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டில் பிறந்து, படித்து, இந்த வேலைக்கு வந்தவர். கொழிஞ்சாம்பாறையில் பிறந்த எனக்கு ஏலக்காய் என்றால் மளிகைக்கடைப் பொட்டலம்தான். ஈரக்காய்க்கும் காய்ந்த காய்க்கும் எடை எப்படி மாறும், மூட்டையைத் தராசில் எப்படி வீசுவார்கள், மெஷின் ஏன் அப்போது ஆடுகிறது, எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். அக்கா என்பார். நான் தம்பி என்பேன்.

அவர் பேசுவது மிகக் குறைவு. காலையில் வந்து உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் நிமிர்வார். வாளையார்க் காற்று மேல் தகரத்தை அடித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தம்தான் எங்கள் அறையில் பேச்சு. கம்பெனிக்குப் பின்னால் வாடகை அறையில் தங்கியிருந்தார். மனைவி சாந்தன்பாறையில், ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை தம்பிக்கு லீவு முறை. அன்று விடிகாலை பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவார். முறை இல்லாத நாளில் லீவு வேண்டுமென்றால் என் அறை வாசலில் வந்து நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பார். நான் நிமிர்ந்து பார்க்கிறவரை வாயைத் திறக்கமாட்டார். எனக்கோ யார் எது கேட்டாலும் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டு, அப்புறம் எதற்கு என்று கேட்கிற பழக்கம். எதற்கு என்று தெரிந்தபின் பெரும்பாலும் கொடுத்துவிடுவேன். கேட்க மறந்துபோன நாட்களும் உண்டு.

வாயால் பேசாததையெல்லாம் அவர் வேறொரு இடத்தில் எழுதினார். மென்பொருளில் ஒரு மாற்றம் செய்து சேமித்தால், என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதவேண்டும். அந்த வரியும் தேதியும் மாற்றமும் சேர்ந்து வரலாறாகத் தங்கும். கிட் என்கிற கருவி அதைப் பார்த்துக்கொள்ளும். மற்ற கம்பெனிகளில் இந்த வரிகளை ஆங்கிலத்தில், ஜடம் மாதிரி எழுதுவார்கள். இவரும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் எழுதினார். பிறகு தமிழுக்கு மாறினார். 'கூட்டல் சரியாச்சு. மத்தியானம் பருப்பு தீஞ்சிருந்தது.' 'நேத்து செஞ்சதை இன்னைக்கு அழிச்சேன். நேத்து நான் சரியா தூங்கல.' 'கேண்டீன் பீகார்காரருக்குப் பொம்பளப் பிள்ளை பொறந்திருக்கு. மெஷின் ஆஃப் ஆகிற கோளாறு தீர்ந்தது.'

முதல் தடவை பார்த்தபோது கூப்பிட்டுத் திட்டினேன்.

"ஏனுங் தம்பி, இதென்ன டைரியா?"

"யாரு படிக்கப் போறா அக்கா. நீங்க ஒரு ஆளுதான். உங்களுக்குத் தமிழ் தெரியும்லா" என்றார்.

அதற்குமேல் எனக்குத் திட்டத் தோன்றவில்லை. சொல்லப்போனால் காலையில் முதல் வேலையாக அவருடைய முந்தின நாள் வரியைத்தான் படிப்பேன். ஏழு வருஷம் படித்தேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் அவரிடம் சொல்லவில்லை.

போன வருஷம் ஆடி மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அறையிலேயே படுத்திருந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வராததால் ஆளனுப்பிப் பார்த்து, பாலக்காட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலிப்பனி, எலிக்காய்ச்சல் என்றார்கள். செவ்வாய்க்கிழமை மனைவி வந்து சேர்ந்தபோது வாயில் குழாய் போட்டிருந்தது, பேச்சில்லை. அடுத்த திங்கட்கிழமை தம்பி போய்விட்டார். சாந்தன்பாறையில் சர்ச் கல்லறையில் அடக்கம். மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, ஒருவர் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரை என்னால் மறக்க முடியவில்லை.

அங்கே என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல் அவர் மனைவியிடம் அந்த வரிகளைப் பற்றிச் சொன்னேன். தினமும் ஒரு வரி எழுதுவார், தமிழில் எழுதுவார், எல்லாம் என் கணினியில் இருக்கிறது என்றேன். அந்த நேரத்தில் அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. ஆனால் விழுந்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தார்.

"அக்கா, அவுக எழுதினதெல்லாம் எனக்கு வேணும். ஒண்ணு விடாம வேணும்."

"எடுத்துத் தர்றனுங்க அம்மிணி. அதுக்கென்னுங்க" என்றேன்.

பிறகு தானாகவே சொன்னார். "கடைசியா வந்தப்ப சண்டை போட்டுட்டேன் அக்கா. இங்கன ஸ்டோர்லயே மெஷின் பாக்க ஆள் கேக்காக, வந்துருங்கன்னு சொன்னேன். என் வேலையப் பத்தி உனக்கென்ன தெரியும்னுட்டாக. நானும் விடல. சாப்பிடாமயே பஸ் ஏறிட்டாக. அந்த வாரம் பூராவும் போன்ல ஆமா, இல்ல, அம்புட்டுத்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தா பேச்சே இல்ல. கோவத்தோடயே போயிட்டாகளான்னு எனக்குத் தெரியணும். அதுல இருக்கும்ல?"

இருக்கும் என்றேன். நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்கு முன்னால் அச்செடுத்து நானே கொண்டுவந்து தருகிறேன் என்றும் சொன்னேன். இவ்வளவு உறுதியாக நான் யாருக்கும் எதையும் சொன்னதில்லை.

அந்த வரலாறு முழுசும் அப்போது ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. கம்பெனி சர்வர் அதற்கு முந்தின ஐப்பசி இடியில் எரிந்துபோயிருந்தது. புதிது வாங்கலாம், வாங்கலாம் என்று நாள் போனது. அதுவரை என் கணினியே சர்வர். அவருடைய லேப்டாப்பை மேனேஜர் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு நான் சண்டை போட்டேன், நம்மிடம்தான் எல்லாம் இருக்கிறதே என்று பிறகு அடங்கினேன்.

போன் வந்த அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டார். எங்கள் மென்பொருளை கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்று எடுத்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டும். பழைய சரித்திரமெல்லாம் வேண்டாம், சுத்தமாக்கி நிரல் மட்டும் கொடு என்று மலையாளத்தில் சொன்னார். அவர் சொன்னது சரிதான். வரலாற்றுக்குள் யார் யாருடைய பாஸ்வேர்டோ கிடக்கும். அதை அடுத்தவருக்குக் கொடுக்கிறவள் நானில்லை. இந்தச் சுத்தம் செய்கிற வேலை எனக்குத் தூக்கத்திலும் வரும்.

பழைய நாட்களில் நாங்கள் வைத்திருந்தது கிட் இல்லை, எஸ்விஎன் என்கிற பழைய கருவி. அது ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் புள்ளியில் தொடங்கும் தன் ஃபோல்டர் ஒன்றைப் போட்டு வைக்கும். ஐந்நூறு ஃபோல்டர் இருந்தால் ஐந்நூறு. நிரலை நகலெடுத்தால் அந்தக் குப்பையும் ஒட்டிக்கொண்டே வரும். கையால் தேடி எடுக்க முடியாது. அதனால் கருப்புத் திரையில் ஒரே வரி: இங்கிருந்து உள்ளே போ, இந்தப் பெயருள்ள ஃபோல்டர்களைத் தேடு, கிடைத்ததையெல்லாம் அழி. தட்டினால் இரண்டு நொடியில் முடிந்துவிடும். எஸ்விஎன்னில் அழிந்தாலும் கவலையில்லை, உண்மையான வரலாறு சர்வரில் இருக்கும். கிட் அப்படியில்லை. ஒரே ஒரு ஃபோல்டர், எல்லாவற்றுக்கும் மேலே, வாசலில் இருக்கும். வரலாறு முழுவதும் அதற்குள்தான். அதை அழித்தால் வரலாறே போயிற்று. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அழிப்பதற்கு முன்னால் நகலெடுத்தேன்.

புதன்கிழமை மதியம் அது. முதலில் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க, கடைசிப் பத்துப் பன்னிரண்டு வரிகளைத் தேதியோடு திரையில் வரவழைத்தேன். இருந்தன. படிக்கவில்லை. படித்தால் அழுவேன் என்று தெரியும், பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். பிறகு, இதிலிருக்கிற எல்லாவற்றையும் அந்த இடத்துக்கு நகலெடு என்று தட்டினேன். எல்லாம் என்பதற்கு ஸ்டார் குறி. பதினேழு வருஷமாக அப்படித்தான் தட்டுகிறேன்.

ஸ்டார் குறி புள்ளியில் தொடங்கும் பெயர்களை எடுக்காது. முதல் வாரத்தில் நான் பிள்ளைகளை மிரட்டுகிற அதே பாடம். எஸ்விஎன் காலத்தில் ஸ்டார் போட்டு நகலெடுத்தாலும் உள்ளே இருக்கிற ஃபோல்டர்களோடு அந்தக் குப்பையெல்லாம் கூடவே வந்துவிடும். வாசலில் இருக்கிற ஒன்று மட்டும்தான் விடுபடும், ஐந்நூறில் ஒன்று போனதை யார் கவனித்தார்கள். அது ஒட்டிக்கொண்டு வருகிற சமாசாரம் என்று என் விரல்கள் நம்பிவிட்டன. கிட்டில் இருப்பதே வாசலில் இருக்கிற அந்த ஒன்றுதான். நகல் வெறும் நிரலாகப் போய் உட்கார்ந்தது. நான் திரும்பி வந்து, அசலில் தேடு, கிடைத்ததை அழி என்று தட்டினேன். மறுபடி தேடச் சொன்னேன். ஒன்றும் இல்லை என்று வெறும் வரி வந்தது. அந்த வெறும் வரியைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை மதியம் அச்செடுக்கலாம் என்று நகலுக்குள் போய் வரலாற்றைக் கேட்டேன். இது கிட் இருக்கும் இடமே இல்லை என்றது. இடம் மாறி நிற்கிறேனோ என்று பார்த்தேன். சரியான இடம்தான். மறைந்திருப்பதையும் காட்டு என்றேன். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அசலுக்குப் போனேன், அங்கே நேற்றே நான் அழித்தாகிவிட்டது. இப்படி அழித்தால் குப்பைத் தொட்டிக்கும் போகாது. டிஸ்க்கைக் கழற்றி கோயமுத்தூரில் மீட்டெடுக்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். மூன்றாம் நாள் கையை விரித்தார்கள்.

டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்திருந்தேன். கருப்புத் திரை புதன்கிழமையிலிருந்து மூடாமலே கிடந்தது. மேலே தள்ளிக்கொண்டே போனேன். அழித்த கட்டளை, அதற்கு மேலே நகலெடுத்த கட்டளை, அதற்கு மேலே, இருக்கிறதா என்று பார்க்க வரவழைத்த அந்தக் கடைசி வரிகள். பதினொன்று. ஏழு வருஷத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். கணினியை நம்பாமல் நோட்டுத் தாளில் பேனாவால் எழுதினேன். எழுதும்போது அவற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற மனநிலையில் நான் இல்லை. போனதையே நினைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதினேன்.

நாற்பத்தொன்றாம் நாளுக்கு முந்தின சனிக்கிழமை விடிகாலை கிளம்பினேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு, அங்கிருந்து வேறு பஸ். உடுமலையில் பஸ் நின்றபோது ஒரு யோசனை வந்தது. அவருடைய நடை எனக்கு அத்துப்படி. நானே எழுதினால் யாருக்குத் தெரியும். 'அவ சொன்னதும் சரிதான். ஸ்டோர் வேலையே நல்லது.' தாளின் பின்பக்கம் நாலு வரி எழுதியும் பார்த்தேன். அவர் எழுதியது மாதிரியே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. கறுப்பாக வரும்வரை அடித்துவிட்டேன்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ரோட்டிலிருந்து பத்து நிமிஷம் ஏறி அவர் வீட்டை அடைந்தேன். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து அவர் மனைவி அப்போதுதான் வந்திருந்தார், கையில் ஏலக்காய் வாசனை. பால் இல்லாத கட்டன்காப்பி கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். புள்ளியையும் ஸ்டாரையும் சொன்னேன். என் பதினேழு வருஷத்தையும் சொன்னேன். எல்லாம் போய்விட்டது, பதினொரு வரிதான் இருக்கிறது என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவர் என் கையிலிருந்த காப்பி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "வேணும்னு செய்யலையே அக்கா. இருக்கதக் குடுங்க" என்றார்.

ஜன்னலோரம் போய், விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். மேலே இருப்பது கடைசியாக எழுதியது, கீழே போகப் போகப் பழையது என்று சொன்னேன்.

"மெஷின் ஆடுறது நின்னிருச்சு. தலை விண்ணுன்னு இருக்கு" என்று முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். அது ஆஸ்பத்திரிக்கு முந்தின சனிக்கிழமை எழுதியது. நடுவில் ஒரு வரியில் சிரித்தார். மேனேஜர் கேட்ட நிறம் மாற்றியாச்சு, நல்லாவே இல்லை என்று தம்பி எழுதியிருந்தார். கடைசிவரை படித்துவிட்டு விரல் மறுபடி மேலே போனது. இரண்டாவது வரியில் நின்றது. வியாழக்கிழமை எழுதியது அது.

"காய்ச்சல் மாதிரி இருக்கு. சனிக்கிழமை ஊருக்குப் போகணும், அதுக்குள்ள இத முடிக்கணும்."

இடது கை விரல்களில் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"அக்கா, அந்தச் சனிக்கிழமை அவுக மொறை இல்லையே. முந்தின ஞாயித்துக்கிழமைதான சண்டை போட்டுக் கெளம்புனாக. இன்னும் ஒரு வாரம் கழிச்சுல்லா வரணும்."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். என் கையாலேயே எழுதியிருக்கிறேன், நான் பார்க்கவில்லை.

"வரத்தான் இருந்திருக்காக" என்றார். "மொறை இல்லாத வாரத்துல வர இருந்திருக்காக. கோவமா இருந்தா வருவாகளா." சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே முகம் தெளிந்திருந்தது. அடக்கத்தன்று பார்த்த முகமே இல்லை. "இது போதும் அக்கா எனக்கு. மத்தது போனாப் போகட்டும். நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்கிடாதிய."

எனக்கும் அழுகை வந்தது. இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்ததுபோல இருந்தது. அது அரை நிமிஷம் இருந்திருக்கும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார். "பெறகு ஏன் வரல? காய்ச்சல் கூடிப் போச்சோ? வந்திருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை என் கண்முன் வந்தது. அன்று காலை வேலை நெருக்கடியில் அவருடைய முந்தின நாள் வரியைக்கூட நான் படித்திருக்கவில்லை. நிலையில் ஒரு கை. நான் நிமிர்ந்து பார்க்கிறவரை நின்றது. நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும் அக்கா என்றது. திரையிலிருந்து முழுசாகக் கண்ணை எடுக்காமலே நான் சொன்னது: உங்க முறை அடுத்த வாரந்தானுங்களே, மெஷின் ஆடறத நிறுத்திட்டு அப்பறம் போங்க. சரிக்கா என்று அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு போன் வந்ததோ, யாரோ கூப்பிட்டார்களோ, எதற்கு என்று கேட்க மறந்துபோனேன். சனிக்கிழமை அவர் வந்தார், மெஷின் ஆடுவதை நிறுத்தினார், தலை விண்ணென்று இருக்கிறது என்று எழுதிவிட்டு அறைக்குப் போனார்.

காய்ச்சல் கூடிப்போச்சோ என்று அவரே கேட்டுவிட்டார். நான் தலையை ஆட்டினால் போதும். தாளிலும் காய்ச்சல் என்றுதான் இருக்கிறது. உடுமலையில் நாலு வரியை அடித்தவளுக்கு இங்கே தலையை ஆட்டுவது எவ்வளவு சுலபமாகத் தோன்றியது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"நான்தானுங்க விடல" என்றேன். "வெள்ளிக்கிழமை வந்து லீவு கேட்டாருங்க அம்மிணி. முடியாதுன்னுட்டேன்."

அவர் தாளை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு பாதியில் நின்றது.

"எதுக்குன்னு அவுக சொல்லலியா?"

"நான் கேக்கலைங்க."

மழை கொஞ்சம் வலுத்தது. அவர் தாளை மடித்து முடித்து, பைபிளுக்குள் வைத்தார். காப்பி டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். பூப்பாறை பஸ் மூன்றரைக்கு, இப்போது இறங்கினால்தான் கிடைக்கும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். என்னிடம் குடை இல்லை என்பதைக் கவனித்து, தன் குடையை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கினார். வழுக்குகிற இடத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வர நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி நின்றார், அவருடைய ஒரு தோள் முழுக்க நனைந்தது. அதற்குள் ஒரு தடவைகூட என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.